வள்ளியூரிலிருந்து திரும்பும்போது நடந்தது: கோபமா, கண்ணா, தூக்கமா?

கல்லிடை_அப்பளம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே டயர், மைலேஜ் என்று வண்டியைப் பற்றிக் கேட்கிறவர்கள்தான் அதிகம். நான் கேட்க வந்தது ஓட்டினவனைப் பற்றி.

கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் எனக்கு. வயது 54. பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்று வைத்திருக்கிறேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அப்பளப் பெட்டி அடுக்குவேன். 28 வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது என்று போன மாதம் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பெட்டி ஏற்றினேன். நாகர்கோவிலில் கடை கடையாகச் சரக்குப் போட்டு, பாக்கி வசூல் பண்ணி, திரும்பும் வழியில் வள்ளியூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். அப்பா கட்டின வீட்டைப் பாகம் பிரிக்கிற பேச்சு எங்களுக்குள் ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. நான் வருவேன் என்று அக்கா தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தாள். இலை போட்டாயிற்று. வழக்கம்போல சுகர் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். அதை இங்கே எழுத மனசு வரவில்லை. அப்பாவைக் கடைசி ஆறு மாதம் யார் பார்த்தது என்பதைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான். நான் எழுந்துவிட்டேன். "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போல" என்று அக்கா வாசல் வரைக்கும் வந்தாள். திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன். மணி எட்டே கால் இருக்கும்.

ஏர்வாடி, களக்காடு, சேரன்மகாதேவி வழியாகத்தான் எப்போதும் வருவேன். கோபத்தில் சட்டையெல்லாம் வேர்த்து ஒட்டியது. ஆனி மாசக் காற்று வெளியே விசிலடிக்கிறது, எனக்கு மட்டும் புழுக்கம். கண்ணாடியை இறக்கிவிட்டேன். அத்தானுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தேன். முதலில் சொன்னது சரியாக வரவில்லை என்று மாற்றி வேறு சொன்னேன். அதுவும் திருப்தியில்லை, இன்னொன்று.

களக்காடு தாண்டி எதிரே ஒரு பஸ், முழு வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வந்தது. அது கடந்து போனதும் கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று மிதந்தது. அது கரைவதற்குள் முன்னால் ஒரு கறுப்புச் சுவர். வாழைத்தார் ஏற்றிய டிராக்டர், டிரெய்லருக்குப் பின்விளக்கு இல்லை, ஓரமாக நிற்கிறது. பின்பக்கம் அடையாளத்துக்கு ஒரு வாழை இலையைச் செருகியிருந்தார்கள். ராத்திரியில் வாழைத்தாருக்கு முன்னால் வாழை இலை யார் கண்ணுக்குத் தெரியும்? வலது பக்கம் ஒடித்தேன். இடது கண்ணாடி டிரெய்லரில் உரசிப் போய்விட்டது. பெட்டியெல்லாம் சரிந்து முதுகில் வந்து முட்டியது. எதிரே வேறு வண்டி வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

அந்த இலை, அதன் நரம்பு, அதில் ஒரு கிழிசல், எல்லாம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆனால் ஏர்வாடியைத் தாண்டினது ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அது என்ன சின்ன ஊரா? கடைத்தெரு, ஆள்கூட்டம், வேகத்தடை எல்லாம் உள்ள ஊர்.

சேரன்மகாதேவி வந்து நிறுத்தினேன். கை கால் நடுங்கியது. கடைக்காரர் பார்த்துவிட்டு, சீனி தூக்கலாகப் போட்டு ஒரு டீ கொடுத்தார். சீனி போட்ட டீ குடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. கால்மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. கோபம்தான் காரணம், உங்க குணத்துக்கு எப்பவோ நடந்திருக்கணும் என்கிறாள் வீட்டுக்காரி. கண்தான் என்கிறான் மகன். பஸ் போர்டைப் படிக்க நான் கண்ணைச் சுருக்குகிறேனாம். நான் தூக்கம்தான் என்று அடித்துச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், மூன்றில் எனக்கு மரியாதைக் குறைவு இல்லாதது அது ஒன்றுதான். அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டேனோ என்று இப்போது சந்தேகம்.

இவற்றில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_உப்பு_லாரி எழுதியது:

அண்ணாச்சி, தூத்துக்குடியிலிருந்து பெங்களூருக்கு 22 வருஷம் உப்பு லோடு அடித்தவன் நான். இப்போது முட்டி தேய்ந்து வல்லநாட்டில் வீட்டோடு இருக்கிறேன்.

பின்விளக்கு இல்லாத டிராக்டரை நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன். அது கிடக்கட்டும். ஏர்வாடி ஞாபகம் இல்லை என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எங்கள் வண்டியில் கிளீனர் பையனுக்கு இதற்கென்றே ஒரு வேலை கொடுத்திருந்தேன். ராத்திரி அரைமணிக்கு ஒரு தடவை "அண்ணாச்சி, கடைசியா என்ன ஊரு போச்சு?" என்று கேட்க வேண்டும். எட்டயபுரம், பந்தல்குடி, அருப்புக்கோட்டை என்று பட்டென்று சொல்லிவிட்டால் ஓட்டலாம். "அது வந்து..." என்று இழுத்தால் ஓரங்கட்ட வேண்டும். கொட்டாவியை நம்பாதீர்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே நூறு கிலோமீட்டர் போகலாம். ஊர் மறந்துபோனால் ஆள் வண்டியில் இல்லை என்று அர்த்தம்.

ஒரு தடவை பெங்களூரிலிருந்து திரும்பி வருகிறோம். தர்மபுரி தாண்டி விடியற்காலை மூன்றரை மணி. பையன் கேட்டான். நான் "சேலம்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அண்ணாச்சி, தொப்பூர் இறக்கமே இன்னும் வரலயே" என்றான். பின்னால் அத்தனை டன் லோடு. அந்த இறக்கத்தில் இறங்கத்தான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அங்கேயே நிறுத்திப் படுத்துவிட்டேன். லோடு லேட்டு என்று ஓனர் அரைநாள் படியைப் பிடித்தார். பிடிக்கட்டும்.

பச்சை மிளகாய் கடிப்பது, முகம் கழுவுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் நாங்களும் செய்து பார்த்ததுதான். பத்து நிமிஷம் தாங்கும், அப்புறம் பழைய கதை. டீ வேலை செய்யும். ஆனால் உள்ளே போய் 20, 30 நிமிஷம் ஆன பிறகுதான் செய்யும். அதனால் டீயைக் குடித்துவிட்டு உடனே வண்டியை எடுக்காமல் 20 நிமிஷம் சீட்டைச் சாய்த்துப் படுத்து எழுந்து போவேன். அதற்கு மேல் படுத்தால் எழுந்ததும் தலை மந்தமாக இருக்கும். ராத்திரி 2 முதல் 5 வரை, மத்தியானம் 2 முதல் 4 வரை, இந்த இரண்டு நேரத்தில் உடம்பு தானாகவே இறங்கும். யாராக இருந்தாலும் சரி.

5 மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு, ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ல் வந்த மோட்டார் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. நான் ஓட்டின காலத்தில் அந்தச் சட்டத்தை எங்கள் ஓனர் வாயால் ஒரு நாளும் கேட்டதில்லை. உங்களுக்கு நீங்களேதான் ஓனர். அப்புறம் என்ன?

இன்னொன்று. 4 மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், டிராக்டரை உரசியது 9 மணி சுமாருக்கு. 17 மணி நேரம். அவ்வளவு நேரம் விழித்திருந்தவனின் கையும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறினவன் அளவுக்குத் தடுமாறும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். என் மகள் நர்ஸ், அவள் சொன்ன கணக்கு. நம்ம ஊர்ச் சட்டத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனாலே கேஸ். நீங்கள் குடிக்காதவர் என்று நினைக்கிறேன். கோவித்துக்கொள்ளாதீர்கள்.

ரைடர்_தம்பி எழுதியது:

அண்ணாச்சி, ராத்திரி ஓட்ட மஞ்சள் கண்ணாடி ஆன்லைனில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எதிர் வெளிச்சம் கண்ணை அடிக்காது. நான் போட்டுத்தான் ஓட்டுகிறேன், சூப்பர்.

பாளை_கண்ணாடிக்காரி எழுதியது:

தம்பி, அதை வாங்க வைத்துவிடாதே. பாளையங்கோட்டையில் கண் பரிசோதனை பண்ணிக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற வேலைதான் எனக்கு. மஞ்சள் கண்ணாடி வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. எதிர் விளக்கு மங்குவது சரிதான். ஆனால் ஓரத்தில் கறுப்புச் சட்டை போட்டு நடந்து போகிறவரும் சேர்ந்து மங்குவார். கண்ணுக்கு இதமாக இருப்பதை நன்றாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அண்ணாச்சி, வயது ஏற ஏறக் கண்ணின் பாப்பா இருட்டில் முன்போல விரியாது. உள்ளே இருக்கிற லென்ஸும் பழுப்பேறும். 20 வயதில் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேரும். உங்கள் மகனும் நீங்களும் ஒரே ரோட்டைப் பார்த்தாலும் உங்களுக்குத் தெரிவது வேறு ரோடு. பஸ் போனபிறகு வெள்ளையாக மிதந்தது என்றீர்களே, அது எல்லாருக்கும் வரும். இளவயதில் சீக்கிரம் கரையும், வயதானால் நேரம் எடுக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் போகிறது. மூன்று விநாடி என்றால் 50 மீட்டர் குருடாகப் போயிருக்கிறீர்கள். எதிர் விளக்கு வரும்போது அதைப் பார்க்காமல் பார்வையை ரோட்டின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டு, காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுங்கள். முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். அப்பள மாவு ஏறுகிற வண்டி, சொல்ல வேண்டியதில்லை.

விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறதா? அப்படியென்றால் புரை ஆரம்பமாக இருக்கலாம். கடைசியாகக் கண் பார்த்தது எப்போது? லைசென்ஸ் புதுப்பிக்கும்போது டாக்டர் சான்று கொடுத்தேனே என்று சொல்லாதீர்கள். அந்தச் சான்று எப்படிக் கையெழுத்தாகிறது என்று எனக்கும் தெரியும்.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது வேறு. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்திருக்கிறீர்கள். அது என்ன மாத்திரை? கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிற வகை என்றால், அதைப் போட்டுச் சாப்பிடாவிட்டால் சுகர் கீழே இறங்கிவிடும். வேர்வை, நடுக்கம், எரிச்சல், பார்வை மங்கல், நினைவுத் தடுமாற்றம் எல்லாம் அதில் வரும். என் அப்பாவுக்கு ஒரு தடவை இறங்கினபோது யாரோ தெரியாதவர் வீட்டில் தான் உட்கார்ந்திருக்கிற மாதிரி எங்களைப் பார்த்தார், என்ன சொன்னாலும் சண்டைக்கு வந்தார். காற்று விசிலடிக்கும்போது உங்களுக்கு மட்டும் வேர்த்ததும், சீனி டீயில் கால்மணி நேரத்தில் தெளிந்ததும் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்துகிறது. மாத்திரை அட்டையோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கண்ணாடி மாற்றுவதற்கு முன்னால் சுகரை நிலைக்குக் கொண்டுவாருங்கள். சுகர் ஏறி இறங்கினால் கண் பவரும் சேர்ந்து மாறும். இன்றைக்கு எழுதின கண்ணாடி அடுத்த மாதம் சேராது.

டீச்சர்_வண்ணாரப்பேட்டை எழுதியது:

அண்ணாச்சியின் மனைவி சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலி ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அம்மாவை இரண்டு வாரம் வைத்திருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்றார். நான் அழவில்லை. நிதானமாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்து ஸ்கூட்டியை எடுத்தேன். நல்ல வெளிச்சம். கண்ணில் குறை இல்லை, தூக்கமும் இல்லை. வண்ணாரப்பேட்டை வந்ததும் பின்னால் வந்த ஆட்டோக்காரர் வண்டியை என் முன்னால் குறுக்கே போட்டு நிறுத்தி, "ஏம்மா, சிவப்பு விழுந்ததுகூடத் தெரியலயா?" என்று கத்தினார். எந்தச் சிவப்பு என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சத்தம் போடவில்லை. வண்டியைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் ஏறச் சொல்லி வீட்டில் கொண்டுவந்து விட்டார். காசு வாங்கவில்லை.

சிவப்பு விளக்கு என் கண்ணுக்குள் விழாமல் இல்லை. உள்ளே வாங்குவதற்கு ஆள் இல்லை. நீங்கள் வள்ளியூரிலிருந்து வரும்போது ரோட்டில் இல்லை, அத்தானுக்கு எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். லாரி அண்ணாச்சி ஊர் மறந்ததைத் தூக்கம் என்கிறார். எனக்கு விழித்துக்கொண்டிருக்கும்போதே மறந்தது.

அமெரிக்காவில் 3,500 பேருக்கு மேல் அவரவர் காரிலேயே கேமரா பொருத்தி, வருஷக்கணக்கில் பதிவு பண்ணிப் பார்த்தார்கள். 2016-ல் வெளிவந்தது. ஓட்டுகிறவர் கோபமாகவோ அழுதுகொண்டோ இருப்பது வெளியே தெரிகிற அளவுக்கு இருந்தால், விபத்து நேருகிற வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்கு. எங்கள் தெருவில் எந்த ஆய்வும் படிக்காமலே ஒரு பழக்கம் உண்டு. இழவுச் செய்தி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சாவியை வாங்கிக்கொள்வார், அவர்தான் ஓட்டுவார். சண்டை போட்டுவிட்டுக் கிளம்புகிறவனிடம் மட்டும் யாரும் சாவியைக் கேட்பதில்லை. கேட்டால் அடி விழும்.

கல்லிடை_அப்பளம் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எழுதின எல்லாருக்கும் நன்றி.

முதலில் மாத்திரை. பாளை தங்கச்சி சொன்ன வகைதான். டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, எதிரே சாப்பாடு வைத்த பிறகுதான் இதை வாயில் போட வேண்டும் என்றார். எதிரே சாப்பாடு இருந்தது டாக்டர், நான்தான் இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. அன்றைக்கு ராத்திரி சுகர் இறங்கியிருந்ததா என்று இப்போது பார்க்க வழி இல்லை, ஆனால் அப்படி இருக்கத்தான் வாய்ப்பு என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். வண்டியில் வேர்க்கடலை மிட்டாய் ஒரு பாக்கெட்டும் குளுக்கோஸும் கிடக்கின்றன. மிட்டாயை மகன் தின்று தீர்க்கிறான்.

கண். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் போய்க் காட்டினேன். பாப்பா விரிய மருந்து விட்டார்கள். அதோடு வண்டி ஓட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் மகனையும் கூட்டிப் போயிருந்தேன். வெளியே வந்தால் வெயில் ஊசி மாதிரி குத்துகிறது. இடது கண்ணில் புரை ஆரம்பம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். தூரப் பார்வைக்குக் கண்ணாடி உண்டு, சுகர் நிலைத்த பிறகு எழுதுகிறார்களாம். திரும்பி வரும்போது மகன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீரவநல்லூர் வந்ததும், "என்ன ஊரு போச்சு?" என்று கேட்டேன். "சேரன்மாதேவி. ஏன்?" என்றான். சும்மாதான் என்றேன்.

டீச்சரம்மா, வீட்டுக்காரியிடம் நீங்கள் எழுதினதை வாசித்துக் காட்டினேன். இத்தனை வருஷமாக நான் சொன்னபோது காது கேட்கவில்லையே என்றாள். நியாயம்தான்.

லாரி அண்ணாச்சி, நான் குடிக்கிறதில்லை. ஆனால் அந்த 17 மணி நேரக் கணக்கைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாகர்கோவில் போகிற நாளில் இனிமேல் பெட்டியை முந்தின நாள் சாயங்காலமே ஏற்றிவைத்துவிட்டு, ஆறு மணிக்கு எழுந்தால் போதும் என்று வைத்திருக்கிறேன்.

எது காரணம் என்று கேட்டுத்தான் இங்கே வந்தேன். நான்கும் ஒரே வண்டியில் ஏறி வந்திருக்கின்றன. ஏறினது எந்த இடத்தில் என்றால் அக்கா வீட்டு வாசலில். அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரம் திண்ணையில் சாய்ந்திருந்தால்கூட இதில் இரண்டு குறைந்திருக்கும்.

நேற்று அக்கா போன் பண்ணினாள். கண்ணாடி உடைந்தது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அத்தானும் போனை வாங்கி, "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். வண்டியைப் பற்றித்தான் கேட்டார், என்னைப் பற்றி இல்லை. இருந்தாலும் கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாகப் பேச்சுக்குத் திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறார்கள். சொதிதானாம். காலையில் பஸ்ஸில் போகிறேன். ராத்திரி அங்கேயே தங்கல்.